பிரேக்கில் ஒரு திருகு குறைந்தால்

கோபன்ஹேகனில் பள்ளி தொடங்கும் நேரத்துக்குச் சைக்கிள் தடத்தின் ஓரம் நின்றால், முன்பக்கம் பெட்டி வைத்த சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்க்கலாம். பெட்டிக்குள் குழந்தைகள், அவர்களுடைய பைகள், சில வண்டிகளில் ஒரு நாயும் உண்டு. அந்த நகரத்தில் இரண்டு அல்லது அதற்கு மேல் குழந்தைகள் உள்ள குடும்பங்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றிடம் இப்படி ஒரு சுமைச் சைக்கிள் இருக்கிறது.

டென்மார்க் தட்டையான நாடு. அங்குள்ள மிக உயரமான இயற்கை மேடு 171 மீட்டரைக்கூடத் தொடவில்லை. அதனால் பிரேக்கைப் பற்றி டேனிஷ்காரர்கள் நெடுங்காலம் பெரிதாகக் கவலைப்படவில்லை. பெடலைப் பின்னால் அழுத்தினால் பின்சக்கரம் நிற்கும், முன்னால் ஒரு கை பிரேக் இருக்கும், அதுவே போதுமானதாக இருந்தது. நிலைமையை மாற்றியது மலை அன்று, எடை. லாங் ஜான் எனப்படும் நீண்ட சுமைச் சைக்கிள் 1920களிலேயே டென்மார்க்கில் ஓடியது. அதன் இன்றைய வாரிசுகளில் ஒன்று, கோபன்ஹேகனின் லாரி வெர்சஸ் ஹாரி நிறுவனம் தயாரிக்கும் புலிட். வண்டியின் எடை சுமார் 24 கிலோ. ஓட்டுபவரும் சுமையும் சேர்ந்து 180 கிலோ வரை ஏற்றலாம். இருநூறு கிலோவை மழையில் நிறுத்துவதற்கு சக்கர விளிம்பை அழுத்தும் ரப்பர் கட்டை போதவில்லை. டிஸ்க் பிரேக் வந்தது. கூடவே, கீழே விழுந்தால் கண்ணில் படாத உறுப்புகளும் வந்தன.

டிஸ்கை இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பேட் கழன்று வராமல் குறுக்கே செருகியிருக்கும் ஊசி, அந்த ஊசியின் நுனியில் மாட்டிய சர்க்ளிப், இரண்டு பேட்களுக்கும் நடுவே பட்டாம்பூச்சி மாதிரி விரிந்த மெல்லிய ஸ்பிரிங், டிஸ்கைச் சக்கரக் குடத்தோடு சேர்க்கும் ஆறு போல்ட்டுகள், எண்ணெய் நிரப்பும் துளையை மூடும் திருகு, அந்தத் திருகின் கழுத்தில் உட்கார்ந்திருக்கும் ரப்பர் வளையம். இவற்றில் ஏதாவது ஒன்று தொலைந்தால் பிரேக் பார்வைக்கு முழுசாகத்தான் இருக்கும். லீவரை அழுத்தினால் பிடிக்கவும் செய்யும். தொலைந்த உறுப்பு தேவையா இல்லையா என்பதைக் கண்ணும் சொல்லாது, கையும் சொல்லாது. பிரேக் பிடிக்கும்போது எழும் விசை எந்தெந்த உறுப்பு வழியாக நடந்து போகிறது என்று தேடிப் பார்த்தால் விடை கிடைக்கும்.

கொஞ்சம் கணக்குப் போடலாம். 200 கிலோ எடை, மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம். இயக்க ஆற்றல் ஏறத்தாழ 4,800 ஜூல். இது முழுவதையும் சுமார் 150 கிராம் எடையுள்ள ஓர் எஃகு டிஸ்க் தனியாக வாங்கிக்கொண்டால், ஒரே நிறுத்தத்தில் அதன் வெப்பநிலை 60 டிகிரிக்குச் சற்று மேல் ஏறும். உறையும் குளிரிலும் விரல் வைக்க முடியாத சூட்டுக்கு அருகில் போய்விடும். இருந்தாலும் டென்மார்க்கில் இது பெரிய சூடு இல்லை. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் 100 கிலோ எடையுள்ள வண்டியும் ஆளும் ஆயிரம் மீட்டர் கீழே இறங்கினால் கரைக்க வேண்டிய ஆற்றல் 9,80,000 ஜூல். கோபன்ஹேகன் சிக்னலில் அந்தக் குழந்தை வண்டி இருநூறு முறை நிற்பதற்குச் சமம். காற்றின் தடை ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், மிச்சம் பிரேக்கின் தலையில்தான். ஆகவே இதே பிரேக்கை ஊட்டியில் ஓட்டுகிறவருக்கு வெப்பம் முதல் எதிரி. கோபன்ஹேகன்காரருக்கு உப்பு. உப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விசைக்கு வருவோம். அந்த வண்டி நன்றாக அழுத்திப் பிடித்து ஐந்து மீட்டருக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், சாலை டயரைப் பின்னுக்குத் தள்ளும் விசை 1,000 நியூட்டன். புலிட்டின் முன்சக்கரம் சிறியது, ஆரம் கால் மீட்டர். முழு வேலையையும் முன் பிரேக் செய்கிறது என்ற மோசமான நிலையை எடுத்துக்கொண்டால், சக்கரத்தை நிறுத்தும் முறுக்கு விசை 250 நியூட்டன்-மீட்டர். பேட் டிஸ்கைப் பிடிக்கும் இடம் அச்சிலிருந்து எட்டு சென்டிமீட்டர்தான். அதனால் அங்கே தேவைப்படும் விசை 3,000 நியூட்டனைத் தாண்டுகிறது. அதாவது டிஸ்க் அந்த இரண்டு பேட்களையும் 300 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தன் கூடவே இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறது.

இந்த 300 கிலோவை யார் தாங்குகிறார்கள்? பிரேக்கைத் திறந்து பார்த்த பலரும் குறுக்கே போகும் ஊசியைத்தான் சொல்வார்கள். ஏனென்றால் பேடைப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். உண்மையில் பேடின் இரும்புத் தகடு, பேட்களும் பிஸ்டன்களும் உட்கார்ந்திருக்கும் கூடான காலிப்பரின் உள்சுவரில் போய் முட்டிக்கொள்கிறது. விசை சுவர் வழியாகக் காலிப்பருக்கும், அங்கிருந்து முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்கும் போய்விடுகிறது. பேடில் ஊசி போகும் ஓட்டை, ஊசியைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். பொதுவான அமைப்புகளில் பிரேக் பிடிக்கும் கணத்தில் ஊசிக்குப் பெரிய வேலை எதுவும் கிடையாது.

அப்படியானால் அதைத் தூக்கிப் போட்டுவிடலாமா? பிரேக் பிடிக்காத நேரத்தில்தான் ஊசிக்கு வேலை. லீவரை விட்டதும் பேட்கள் இரண்டும் தளர்ந்துவிடும். உள்ளே போன அதே வாய் வழியாக அவை வெளியே வரத் தடை இருக்காது. கல் பாவிய தெருவின் அதிர்வு, வண்டியைப் பின்னால் தள்ளும்போது டிஸ்க் எதிர்ப்பக்கம் உரசுவது எல்லாம் பேடைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும். ஒரு பேட் விழுந்துவிட்டால் அடுத்து நடப்பது பயங்கரம். அடுத்த முறை லீவரை அழுத்தும்போது, எதிரே எதுவும் இல்லாத பிஸ்டன் தன் எல்லையைத் தாண்டி முன்னால் வரும், குழியிலிருந்து கழன்றாலும் கழலும். கழன்றால் எண்ணெய் முழுக்க வெளியே போய்விடும். அதன்பின் லீவர் கைப்பிடி வரை போய் ஒட்டிக்கொள்ளும், வண்டி மட்டும் நிற்காது. டென்மார்க் சட்டம் சைக்கிளின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் கேட்பதன் நியாயம் அந்த நேரத்தில் புரியும்.

இதனால்தான் தொலைந்த ஊசிக்குப் பதில் வேறொரு கம்பியைச் செருகி வீடு வரை வருவது சாத்தியம், மாதக்கணக்கில் ஓட்டுவது சாத்தியம் இல்லை. விசை தாங்க வேண்டியதில்லை என்பதால் சாதாரணக் கம்பியும் உடனே ஒடியாது. ஆனால் அது அதிர்வில் நழுவாமல் இருக்க வேண்டும், டிஸ்கைத் தொடாமல் இருக்க வேண்டும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறி இறங்கும் சூட்டைத் தாங்க வேண்டும். இரண்டு காலாகப் பிளந்த ஸ்பிளிட் பின் வரும் மாதிரிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் கால்களை வளைத்துத்தான் பூட்டுகிறோம். பேட் மாற்றும்போது நிமிர்த்துகிறோம், மறுபடி வளைக்கிறோம். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பது எப்படி என்று சின்ன வயதிலேயே எல்லோருக்கும் தெரியும். உலோகப் படிகங்களுக்குள் இருக்கும் ஒழுங்குக் குறைகள் ஒவ்வொரு வளைப்பிலும் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. உலோகம் கடினமாகிறது, பிறகு வளைய மறுத்து வெடிக்கிறது. அதனால் பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போடுவது சிக்கனம் ஆகாது. நல்ல பேட் பெட்டிகள் பலவற்றில் புதிய ஸ்பிரிங்கும் ஸ்பிளிட் பின்னும் சேர்ந்தே வரும். பழையதை அப்படியே வைத்துக்கொண்டு புதியதைப் பெட்டியோடு குப்பையில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

திருகு மாதிரி உள்ளே போகும் ஊசிகளில் சர்க்ளிப் இருக்கும். ஊசியின் மரை தளர்ந்தாலும் அது முழுக்கக் கழன்று விழாமல் இந்தச் சின்ன வளையம் தடுக்கும். இரண்டாவது காவல். அடிக்கடி தொலைவதும் இதுதான், ஏனென்றால் ஸ்குரூடிரைவரால் நெம்பும்போது அதில் தேங்கிய ஸ்பிரிங் ஆற்றல் அத்தனையும் ஒரு நொடியில் வேகமாக மாறிவிடும். அரை கிராம்கூட இல்லாத பொருளுக்கு அந்த ஆற்றலே அறையின் மறுமூலைக்குப் பறக்கப் போதும். மேலே ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு நெம்பினால் தேடும் வேலை மிச்சம். தரையில் காந்தத்தை ஓட்டித் தேடுவதும் பாதி நேரம் பலிக்கும். கார்பன் எஃகு வளையம் உடனே ஒட்டும். துருப்பிடிக்காத எஃகில் பெரும்பாலான வகைகளைக் காந்தம் கண்டுகொள்ளாது. ஆனால் அதே எஃகைக் குளிர்ந்த நிலையில் இழுத்து வளைத்து ஸ்பிரிங் ஆக்கும்போது அதன் படிக அமைப்பின் ஒரு பகுதி மாறி லேசான காந்தத் தன்மை வந்துவிடுகிறது. அதனால் மெல்ல ஒட்டும், அல்லது ஒட்டாமல் நழுவும்.

போல்ட் விஷயம் வேறு. அங்கே விசை உண்மையிலேயே அதன் வழியாகத்தான் போகிறது.

டிஸ்கைச் சக்கரக் குடத்தோடு சேர்க்கும் ஆறு போல்ட்டுகள், 44 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் நிற்கின்றன. உற்பத்தியாளர்கள் இந்த அளவில் ஒத்துப்போனது அதிசயமான நல்ல விஷயம், ஏனென்றால் சைக்கிள் தொழிலில் இரண்டு பேர் ஒரு அளவில் ஒத்துப்போவது அபூர்வம். அதற்கும் போட்டியாக ஷிமானோ தன் சென்டர்லாக் முறையைக் கொண்டுவந்தது. அதில் ஆறு போல்ட்டுக்குப் பதில் ஒரே பெரிய வளையம், 40 நியூட்டன்-மீட்டர் முறுக்கு. அதைத் தொலைப்பதற்குத் தனித்திறமை வேண்டும். ஆறு போல்ட்டில் ஒன்றைத் தொலைப்பது எளிது.

முன்பு போட்ட கணக்கைத் தொடர்ந்தால், 250 நியூட்டன்-மீட்டர் முறுக்கு 22 மில்லிமீட்டர் ஆரத்தில் 11,000 நியூட்டனுக்கு மேல் ஆகிறது. ஆளுக்கு 1,900 நியூட்டன். இதைப் போல்ட்டுகள் இரண்டு வழியில் தாங்குகின்றன. முறுக்கியதும் போல்ட் மிகச் சிறிதளவு நீளுகிறது, நீண்ட ரப்பர் போலச் சுருங்கப் பார்த்து டிஸ்கைக் குடத்தோடு அழுத்துகிறது. ஐந்து நியூட்டன்-மீட்டர் முறுக்கினால் ஒரு எம்5 போல்ட் ஏறத்தாழ 5,000 நியூட்டன் விசையோடு இறுக்கும். ஆறும் சேர்ந்து 30,000. அந்த அழுத்தத்தில் எழும் உராய்வு நாலாயிரத்துச் சொச்சம் நியூட்டன். சாதாரண நிறுத்தங்களுக்கு இதுவே போதும். ஆனால் முழு பலத்தோடு பிடிக்கும்போது தேவைப்படும் 11,000க்கு இது பாதிகூட இல்லை. அப்போது டிஸ்க் ஒரு மயிரிழை வழுக்கிப் போல்ட்டுகளின் உடம்பில் போய் முட்டும், மிச்சத்தை அவற்றின் குறுக்குவெட்டு தாங்கும். டிஸ்க் மாட்டும்போது அதை அது இழுபடும் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டே போல்ட்டை இறுக்கச் சொல்லும் கையேட்டுக் குறிப்புக்குக் காரணம் இதுதான். வழுக்க வேண்டிய தூரத்தை முன்கூட்டியே வழுக்கவிட்டுவிடுகிறோம்.

ஒரு போல்ட் தொலைந்தால் மிச்சம் ஐந்தும் ஆளுக்கு 2,300 நியூட்டன் தாங்க வேண்டும். நல்ல எஃகு எம்5 போல்ட் குறுக்காக ஆறாயிரம் நியூட்டனுக்கு மேல் தாங்கும். ஆக, ஐந்து போல்ட்டோடு வண்டி நிற்கும். இதைக் கேட்டு நிம்மதி அடைகிறவர் தவறான கேள்விக்குச் சரியான பதிலை வாங்கியிருக்கிறார். ஒரு போல்ட் ஏன் விழுந்தது? அதைத் தளர்த்திய அதே அசைவு மற்ற ஐந்தையும் தளர்த்திக்கொண்டிருக்கிறதா? விழுந்த போல்ட்டைவிட விழாத ஐந்தைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

அந்த அசைவைப் பற்றி 1969இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் தெளிவாக விளக்கினார். அதுவரை போல்ட்டுகள் தளர்வது நீளவாக்கில் வரும் அதிர்வால் என்றே பலரும் நம்பினார்கள். குறுக்குவாட்டு அசைவுதான் முதல் குற்றவாளி என்று யுங்கர் சோதனைக் கருவி வைத்துக் காட்டினார். உராய்வுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. ஒரு பொருள் ஒரு திசையில் வழுக்கத் தொடங்கிவிட்டால், வேறு திசையில் அதைத் தடுக்கும் சக்தியும் ஏறக்குறையப் போய்விடும். போல்ட்டின் தலையும் மரையும் பக்கவாட்டில் மயிரிழை வழுக்கும் அந்தக் கணத்தில், சரிவான மரையின் மேல் அது தானாகவே கீழிறங்கிச் சுழல்கிறது. டிஸ்க் பிரேக்கில் ஒவ்வொரு நிறுத்தமும் போல்ட்டுக்குக் குறுக்குவாட்டு உதைதான். யுங்கரின் சோதனை மேசையை நாமே தினமும் ஓட்டிக்கொண்டு போகிறோம்.

இதற்கு மருந்தாக டிஸ்க் போல்ட்டின் மரையில் நீலப் பூச்சு ஒன்று காய்ந்த நிலையில் வரும். அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரின் டிரினிட்டி கல்லூரி வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் 1953இல் வளர்த்தெடுத்த லாக்டைட்டின் வம்சம் அது. மூல லாக்டைட் காற்று பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவமாகவே இருக்கும், காற்றுப் புகாத மரை இடுக்குக்குள் உலோகத்தோடு சேர்ந்ததும் இறுகிவிடும். இடுக்கை நிரப்பிப் பக்கவாட்டு அசைவையே நிறுத்திவிடுவதால் யுங்கர் சொன்ன தளர்ச்சி தொடங்குவதே இல்லை.

மாற்றுப் போல்ட் தேடுவது சுலபம் போலத் தோன்றும். எம்5, மரைக்கு மரை 0.8 மில்லிமீட்டர், நீளம் பெரும்பாலும் பத்து மில்லிமீட்டர், டி25 நட்சத்திரத் தலை. எம்5 போல்ட் எந்த வன்பொருள் கடையிலும் கிடைக்கும், சைக்கிளிலேயே தண்ணீர்ப் புட்டித் தாங்கியில் இரண்டு நிற்கும். இங்கேதான் ஆட்கள் வழுக்குகிறார்கள். போல்ட் இரண்டு மில்லிமீட்டர் நீளமாக இருந்தால் குடத்தின் துளையின் அடியில் போய் முட்டும். ஸ்பேனர் இறுகிவிட்டது என்று சொல்லும், ஆனால் டிஸ்க் இறுகியிருக்காது. குட்டையாக இருந்தால் அலுமினிய மரை இரண்டு மூன்று சுற்றிலேயே முழு விசையையும் தாங்க வேண்டிவந்து உரிந்துவிடும். தலை உயரமாக இருந்தால் ஃபோர்க்கில் உரசும். இன்னொரு பொறியும் இருக்கிறது. அமெரிக்க அங்குல அளவில் 10-32 என்ற திருகு ஒன்று உண்டு. விட்டம் 4.83 மில்லிமீட்டர், மரை இடைவெளி 0.794. எம்5 துளைக்குள் சமர்த்தாக நுழைந்து சுழலும், கொஞ்சம் தொளதொளப்பாக மட்டும் இருக்கும். பழைய டப்பாவில் கிடைத்த திருகு ‘சரியாகப் பொருந்திவிட்டது’ என்றால் வெர்னியரை எடுத்து விட்டத்தை ஒருமுறை அளந்துவிடுவது நல்லது.

டென்மார்க்கின் உப்பை இங்கே சொல்ல வேண்டும். பனிக்காலத்தில் கோபன்ஹேகன் மாநகராட்சி கார் சாலைகளுக்கு முன்பாகச் சைக்கிள் தடங்களைச் சுத்தம் செய்யும், உப்பும் போடும். சைக்கிள்காரருக்கு ராஜ மரியாதை, சைக்கிளுக்குச் சித்திரவதை. அலுமினியக் குடம், எஃகு போல்ட், நடுவில் உப்புத் தண்ணீர் என்றால் அது ஒரு சின்ன மின்கலம். இரண்டில் அலுமினியம்தான் கரையும். கரைந்து உருவாகும் வெள்ளைப் பொடி தான் வந்த உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும், மரைக்குள் வீங்கி போல்ட்டைச் சிறைபிடிக்கும். பிறகு ஒருநாள் கழற்றப் போனால் தலையின் நட்சத்திரம் மட்டும் உரிந்து வரும். அதனால் டேனிஷ் குளிர்காலத்தில் போல்ட் விழுவதும் நடக்கும், போல்ட் வரமறுப்பதும் நடக்கும். இரண்டாவதுதான் அதிகம் கஷ்டப்படுத்தும்.

இனி எண்ணெய் பக்கம். இங்கே வெளித்தோற்றம் இன்னும் அதிகமாக ஏமாற்றும்.

ஷிமானோ மாதிரிப் பிரேக்கில் எண்ணெய் நிரப்ப இரண்டு வாய்கள் உண்டு. லீவரில் ஒன்று, காலிப்பரில் ஒன்று. இரண்டையும் மூடுவது சின்னத் திருகுகள்தான். லீவரில் உள்ளதை 0.3 முதல் 0.5 நியூட்டன்-மீட்டருக்கு மேல் முறுக்கக் கூடாது, அதாவது இரண்டு விரலால் தொட்டு விடுகிற அளவு. காலிப்பரில் உள்ளதற்கு அதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். ஏன் இவ்வளவு வித்தியாசம்? நம் 3,000 நியூட்டனுக்குத் திரும்பிப் போனால் தெரியும். அந்த இழுவையை உண்டாக்க ஒவ்வொரு பேடையும் ஏறத்தாழ 4,000 நியூட்டன் அழுத்த வேண்டும். பிஸ்டனின் விட்டம் 22 மில்லிமீட்டர். எண்ணெயின் அழுத்தம் நூறு வளிமண்டலத்தைத் தொடுகிறது, கார் டயரில் இருப்பதைப் போல நாற்பது மடங்குக்கு மேல். காலிப்பர் திருகு இந்த அழுத்தத்துக்கு நேர் எதிரே நிற்கிறது. லீவர் திருகு நிற்பது அழுத்தம் ஏறாத எண்ணெய்த் தொட்டியின் மேல். லீவர் அழுந்தத் தொடங்கியதும் தொட்டிக்கும் குழாய்க்கும் இடையிலான வழி மூடிக்கொள்வதால் நூறு வளிமண்டலம் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

லீவர் திருகு தொலைந்தால் பிரேக் அன்றைக்கே போய்விடாது. எண்ணெய் கசியும், மழைத்தண்ணீரும் தூசியும் இறங்கும், வண்டியைப் படுக்கவைத்தால் காற்று புகும். எண்ணெய் அழுத்தத்துக்குச் சுருங்க மறுக்கும், காற்றோ உடனே சுருங்கிக்கொடுக்கும். குழாயில் ஒரு குமிழி நுழைந்துவிட்டால் கையின் உழைப்பு அதைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும். காலிப்பர் பக்கத் திருகு தொலைந்தால் முதல் அழுத்தத்திலேயே எல்லாம் முடிந்தது.

இந்த லீவர் திருகின் கழுத்தில் உள்ள ரப்பர் வளையத்தில்தான் டென்மார்க் மறுபடி கதைக்குள் வருகிறது. ஓ-ரிங் என்று உலகம் முழுவதும் அழைக்கப்படும் அந்தப் பொருளுக்குக் காப்புரிமை பெற்றவர் நீல்ஸ் கிறிஸ்டென்சன். 1865இல் டென்மார்க்கில், யூட்லாந்தின் டோரிங் என்ற ஊரில் பிறந்தவர். 1891இல் அமெரிக்கா போனார். வாழ்நாள் முழுக்க அவரைப் பிடித்து ஆட்டிய விஷயம் பிரேக். டிராம் வண்டிகளுக்குக் காற்று பிரேக் செய்தார், மில்வாக்கியில் நிறுவனம் நடத்தினார். வயது அறுபதைத் தாண்டியபின், 1930களில், கிளீவ்லாந்தில் கார்களுக்கான ஹைட்ராலிக் பிரேக்கில் பிஸ்டனைச் சுற்றி எண்ணெய் கசியாமல் அடைப்பது எப்படி என்று மல்லுக்கட்டினார். 1937இல் விண்ணப்பித்த காப்புரிமை 1939இல் கிடைத்தது.

அவர் கண்டுபிடித்தது ரப்பர் வளையத்தை என்று சொன்னால் கதை சப்பென்று ஆகிவிடும். ரப்பர் வளையம் யாருக்கும் தோன்றும். அது உட்காரும் பள்ளத்தின் அளவுதான் அவருடைய சாதனை. வளையத்தின் தடிமனைவிடப் பள்ளம் சற்றே அகலமாக இருக்க வேண்டும், ஆழம் சற்றே குறைவாக இருக்க வேண்டும். அப்போது வளையம் லேசாக நசுங்கி இரு பக்கமும் ஒட்டியிருக்கும், பிஸ்டன் நகரும்போது பள்ளத்துக்குள் கொஞ்சம் அசையவும் இடம் இருக்கும். அழுத்தம் ஏறினால் எண்ணெயே வளையத்தைப் பள்ளத்தின் மறுகரைக்குத் தள்ளி இடுக்கோடு சேர்த்து அமுக்கும். கசிய வைக்க வேண்டிய அழுத்தமே கசிவை அடைக்கிறது. இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் ஹைட்ராலிக் அமைப்புகளுக்கு இது அவசியம் என்று கண்ட அமெரிக்க அரசு, காப்புரிமையைத் தன் கையில் எடுத்து மற்ற உற்பத்தியாளர்களுக்குத் திறந்துவிட்டது. கிறிஸ்டென்சனுக்குக் கிடைத்தது 75,000 டாலர். 1952இல் இறந்தார். கூடுதல் தொகைக்கான வழக்கு அதற்குப் பின்னும் நடந்து, 1971இல்தான் வாரிசுகளுக்கு மேலும் 1,00,000 டாலர் வந்தது.

தொலைந்த ஓ-ரிங்கை மாற்றும்போது அளவோடு ரப்பரின் வகையையும் பார்க்க வேண்டும். ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ பிரேக்குகளில் ஓடுவது கனிம எண்ணெய். அதற்கு நைட்ரைல் ரப்பர். ஹோப், ஹேய்ஸ், ஸ்ராமின் பெரும்பாலான பழைய மாதிரிகளில் ஓடுவது டாட் திரவம். அதற்கு ஈபிடிஎம் ரப்பர். இரண்டும் கறுப்பு, இரண்டும் வட்டம், பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியாது. ஈபிடிஎம் வளையத்தைக் கனிம எண்ணெயில் போட்டால், வேதியியலில் ஒன்றுக்கொன்று உறவு என்பதால் எண்ணெய் மூலக்கூறுகள் ரப்பருக்குள் குடியேறிவிடும். வளையம் ஊதிப்போய் மென்மையாகிவிடும், கிறிஸ்டென்சன் கணக்குப் பார்த்து விட்ட இடம் முழுவதும் அடைந்துவிடும். மாட்டிய அன்று எல்லாம் சரியாக இருப்பதுதான் இதில் ஆபத்து. குழாய்க் கடை வாஷரையோ, மிக்சி பழுதுபார்ப்பவரிடம் கிடைத்த வளையத்தையோ போட்டால் என்ன ரப்பர் என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

தொலைந்த உறுப்பை நாமே அச்சடிக்கலாமா? டென்மார்க்கின் ரோஸ்கில்டே பல்கலைக்கழகத்தில் ஃபேப்லேப் எனப்படும் செய்பட்டறை ஒன்று இருக்கிறது. வைலே நகரில் பழைய நூற்பாலைக் கட்டடத்தில் இன்னொன்று. முப்பரிமாண அச்சு இயந்திரம் இருக்கும்போது ஊசியையும் திருகையும் அச்சடித்துவிட்டால் என்ன என்று அங்கே வரும் யாருக்கும் தோன்றும். வழக்கமாக அச்சடிக்கும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும். ஒரே நிறுத்தத்தில் டிஸ்க் எவ்வளவு சூடாகும் என்பதை மேலே பார்த்தோம். பேட் ஊசியைப் பிளாஸ்டிக்கில் அச்சடிப்பது கூடவே கூடாது. ஆனால் சக்கரம் கழற்றியிருக்கும்போது பேட்களுக்கு நடுவே செருகும் அடைப்பான் ஒன்று உண்டு, தெரியாமல் லீவர் அழுந்தினால் பிஸ்டன் வெளியே வராமல் தடுப்பதற்கு. அது தொலைந்தால் அச்சடித்த பிளாஸ்டிக் தாராளமாகப் போதும். மடித்த அட்டையும் போதும். ஓடாத சக்கரத்தில் சூடும் இல்லை, இழுவையும் இல்லை.

டென்மார்க்கில் கூலி அதிகம். சில குரோனர் விலையுள்ள சர்க்ளிப்பை மாட்ட அதைப் போலப் பல மடங்கு கூலி கொடுக்க வேண்டியிருப்பதால் பலர் தாங்களே செய்கிறார்கள், அல்லது ரிப்பேர் கஃபே எனப்படும் தன்னார்வப் பழுதுபார்க்கும் கூட்டங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய அந்த வழக்கம் டென்மார்க்கிலும் வேரூன்றியிருக்கிறது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஓர் ஆணையும் நிறைவேற்றியது. அதன் பட்டியலில் சலவை இயந்திரமும் மின்சைக்கிள் பேட்டரியும் உண்டு, சர்க்ளிப் இல்லை.

உறுப்பு மாட்டியதும் வேலை முடிந்துவிடாது. சக்கரத்தைக் கையால் சுற்றி ஸ்பிரிங்கின் சிறகு டிஸ்கைத் தொடுகிறதா என்று கேட்க வேண்டும். ஒழுங்காக மாட்டாத ஸ்பிரிங் கிணுகிணு என்று காட்டிக்கொடுக்கும். லீவரை முழு பலத்தோடு அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடித்தால், கசிவு இருந்தால் லீவர் மெல்லக் கீழிறங்கும். இரண்டு திருகுகளின் மேலும் வெள்ளை டிஷ்யூ தாளை ஒற்றிப் பார்த்தால் எண்ணெய் கறை தெரியும். பிறகு வண்டியை முன்னும் பின்னும் உருட்டி இரு திசையிலும் பிரேக் பிடிக்க வேண்டும், பின்திசைதான் பேடை வாயை நோக்கித் தள்ளிப் பார்க்கும். புதிய பேட் போட்டிருந்தால், மிதமான வேகத்துக்குப் போய், நடக்கிற வேகத்துக்கு இறங்கும்வரை பிரேக் பிடிப்பதை இருபது முறை செய்ய வேண்டும். பேடின் பொருள் டிஸ்க் மேல் மெல்லிய படலமாகப் படிந்த பிறகுதான் பிடிமானம் முழுமையாகும், அதற்குள் குழந்தைகளைப் பெட்டியில் ஏற்ற வேண்டாம். டிஸ்க் போல்ட்டுகளை ஒரு வாரம் ஓட்டியபின் டார்க் ஸ்பேனரால் இன்னொரு முறை சோதித்துவிடலாம்.